முடி எது, தோல் எதுன்னு தெரியாத மெஷின்

தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும். ராத்திரி பத்தரை மணிக்கு மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டிட்டு வந்து, கை கால் கழுவிட்டு ஆசாரத்துல உக்காந்தேன். மகள் ரூமுக் கதவு இடுக்குல பளிச்சுன்னு ஒரு வெளிச்சம். கொஞ்சம் விட்டு மறுபடியும் பளிச். பழைய வீடு, ஒயரிங் எங்கியோ பொறி தட்டுதுன்னு பதறிப் போய் மெயினை ஆஃப் பண்ணிட்டேன். உள்ள இருந்து, "யாருங்கப்பா கரண்டை நிறுத்துனது?"ன்னு சத்தம். "ஒண்ணுமில்ல கண்ணு, எங்கியோ ஷார்ட் ஆகுது"ன்னேன். "எங்கியும் ஆகலை, போடுங்கப்பா"ன்னு பதில். போட்டேன். படுத்துட்டேன்.

ஒயரிங்ல ஒண்ணும் இல்லீங்க. ஆன்லைன் ஆஃபர்ல 4,500 ரூபாய் குடுத்து வாங்குன முடி எடுக்கற மெஷின் அது. "வீட்டிலேயே லேசர், நிரந்தரத் தீர்வு"ங்கற மாதிரி டப்பாவுல இங்கிலீஷ்ல போட்டிருந்தது. மறுநாள் காலையில மகள் துப்பட்டாவை முகத்தைச் சுத்திக் கட்டிக்கிட்டே காபி குடிச்சது. பல்வலின்னு சொன்னது. மூணாம் நாள்தான் என் சம்சாரம் கூப்பிட்டுக் காமிச்சது. தாடையிலயும் வலது கன்னத்துக்குக் கீழயும் தபால் தலை ஒட்டுன மாதிரி கட்டம் கட்டமா அஞ்சாறு சூட்டுத் தழும்பு. ரெண்டு எடத்துல கொப்புளம்.

இங்க வழக்கமா மழை, மஞ்சள் விலை, மயில் தொந்தரவுன்னு எழுதிட்டு இருக்கறவன் இதை எதுக்கு எழுதறேன்னு நெனைப்பீங்க. எழுதலாமான்னு மகள்கிட்டக் கேட்டேன். "என் பேரைப் போடாம எழுதுங்கப்பா. நான் வாங்கறதுக்கு முன்னாடி தமிழ்ல யாராவது எழுதியிருக்காங்களான்னுதான் தேடுனேன், எல்லாம் விளம்பரமா வந்துது"ன்னு சொல்லிருச்சு. அதனால எழுதறேன். டவுன்ல இருக்கற உங்க வீட்டுலயும் இந்த மெஷின் இருக்கலாம். இல்லைன்னா ஃபோன்ல கூடையில போட்டு வச்சிருக்கலாம்.

மயிர்னு எழுதுனா வையற மாதிரி இருக்கும், முடின்னே எழுதிக்கறேன்.

என் மகளுக்கு 24 வயசு. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ்ல கணக்கு பார்க்குது. ஹாஸ்டல்ல தங்கி, சனி ஞாயிறு வந்துட்டுப் போகும். ரெண்டு மூணு வருஷமாவே பேசும்போது ஒரு கையைத் தாடையில வச்சுக்கிட்டுத்தான் பேசும். பெரிய ஆபீசர் மாதிரி யோசிக்கற பழக்கம் வந்துருச்சுன்னு நான் கேலி கூடப் பண்ணியிருக்கேன். கல்யாணம் காட்சியில ஃபோட்டோ எடுக்கக் கூப்பிட்டா பந்தி பரிமாறப் போயிரும். பொறுப்பான புள்ளைன்னு நெனச்சேன்.

இன்னொண்ணு சொல்லணும், சொல்ல வெக்கமாத்தான் இருக்குது. என் ரேசர் பிளேடு சீக்கிரமே மழுங்கிப் போகும். பையன்தான் எடுக்கறான்னு நெனச்சு, "சம்பாரிக்கறயல்ல, சொந்தமா ஒண்ணு வாங்கிக்கிட்டா என்னடா"ன்னு ரெண்டு மூணு தடவை சத்தம் போட்டிருக்கேன். அவன் "நான் எடுக்கலீங்கப்பா"ன்னு சொல்வான். நான் நம்பலை. மகள் பக்கத்துல நின்னுக்கிட்டுக் கேட்டுட்டே இருந்திருக்கும்.

ஆவணி மாசம் ஒரு எடத்துலருந்து பொண்ணு பார்க்க வந்தாங்க. பையன் நல்ல பையன், பேச்செல்லாம் நல்லபடியாத்தான் போச்சு. கிளம்பறப்ப மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறையாகற அம்மா, என் சம்சாரத்தைத் தனியாக் கூப்பிட்டு, "தாடையில இருக்கறதை எடுத்து விட்டுட்டு அடுத்தவங்களுக்குக் காமிங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. மெதுவாத்தான் சொன்னாங்களாம். ஆனா சமையல்கட்டுல நின்ன புள்ளை காதுல விழுந்துருச்சு. எனக்கு இது எதுவுமே தெரியாது. ஜாதகம் சேரலைன்னு சொல்லி முடிச்சுட்டாங்க.

அதுக்கப்புறம் வந்ததுதான் அந்த பார்சல்.

அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரம்மாவுக்கு எங்க மூத்த அண்ணன் மகள் வயசுதான் இருக்கும். காயத்தை ஒரு நிமிஷம் பார்த்தாங்க. அப்புறம் திரும்பி உக்காரச் சொல்லி, சடையை ஒதுக்கிப் பின்னங்கழுத்தைப் பார்த்தாங்க. அங்க தோல் கருத்துத் தடிச்சிருந்தது. "மாசாமாசம் தேதிக்கு வருதாம்மா?"ன்னு கேட்டாங்க. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். ஆனா ஸ்க்ரீன் துணிதானே, கேக்காம இருக்குமா. "மூணு மாசம், சில சமயம் நாலு மாசம் ஆகும்ங்க மேடம்." "எத்தனை வருஷமா?" "காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்லருந்து." "அம்மாவுக்குத் தெரியாதா?" என் சம்சாரம் சொன்ன பதில் இது: "கல்யாணம் ஆனாச் சரியாயிரும்னு எல்லாரும் சொன்னாங்கங்க."

முகத்துல சூடு பட்டுப் போன எடத்துல டாக்டர் மாசக்கணக்கைக் கேக்கறாங்க. அங்கதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பிச்சது. ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. பி.சி.ஓ.எஸ்.னு சொன்னாங்க. நம்ம சனங்க "சினைப்பையில நீர்க்கட்டி"ன்னு சொல்றது. கட்டின்னதும் ஆபரேஷன் கட்டி மாதிரி பயந்துட்டோம். அது முழுசா வளராம பாதியில நின்னுபோன முட்டைப் பைதான்னு விளக்கினாங்க. ஆம்பளைக்கு மீசை தாடி வளர்க்கற ஹார்மோன் எல்லாப் பொம்பளை உடம்புலயும் கொஞ்சம் இருக்குமாம். அது கூடிப்போனா தாடை, மேலுதடு, நெஞ்சு, அடிவயிறுன்னு ஆம்பளைக்கு முளைக்கற எடத்துல கருப்பா, தடிப்பா முளைக்கும். முகப்பருவும் வரலாம், தலைமுடி கொட்டலாம். இன்சுலின் சரியா வேலை செய்யாததோட சேர்ந்தது இது, பின்னங்கழுத்து கருக்கறது அதுக்கு ஒரு அடையாளம். கண்டுக்காம விட்டா பின்னாடி சர்க்கரை வரலாம். மாசக்கணக்கா வராம இருந்தா கர்ப்பப்பையோட உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும், அதுவும் நல்லதில்லை. இத்தனையும் உள்ள நடக்கறப்போ நாங்க மேல முளைச்சதை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கோம். புள்ளை சிரைச்சது, நூல் போட்டு எடுத்தது, கடைசியில சுட்டுக்கிட்டது.

தாடையில ரெண்டு முடி முளைச்ச எல்லாருக்கும் இந்த நோய்னு சொல்லலை. சில குடும்பத்துல அது ரத்தத்துலயே வரும், மாசம் தேதி தப்பாம ஆகிட்டு இருக்கும். மாதவிடாய் நின்ன பொம்பளைகளுக்கும் ஒண்ணு ரெண்டு முளைக்கறது சகஜம். ஆனா சின்ன வயசுல தடிச்ச முடியும், தேதி தப்பறதும் சேர்ந்து இருந்தா, மெஷினுக்குக் காசைப் போடறதுக்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பார்க்கணும். ரெண்டு மூணு மாசத்துல திடீர்னு மளமளன்னு முளைச்சு, குரலும் தடிச்சுதுன்னா ஒரு வாரம் கூடத் தள்ளிப் போடக் கூடாதாம்.

இப்ப மெஷினுக்கு வர்றேன். டாக்டரம்மா சொன்னதையும், பையன் ஃபோன்ல படிச்சுச் சொன்னதையும் சேர்த்து எனக்குப் புரிஞ்ச விதத்துல சொல்றேன்.

லேசர்னு போட்டு வீட்டுக்கு விக்கறதுல பெரும்பாலானது லேசரே இல்லை. லேசர்ங்கறது ஒரே நிற ஒளி. அமெரிக்காவுல தியோடர் மெய்மன்ங்கறவர் 1960-ல் முதல்ல அதை உண்டாக்கினார். வீட்டு மெஷின்ல இருக்கறது ஐ.பி.எல்.னு சொல்ற பளிச் விளக்கு. கிரிக்கெட் ஐ.பி.எல். இல்லீங்க. கேமரா ஃபிளாஷ் மாதிரி பல நிறம் கலந்த ஒளியை ஒரு நொடியில ரொம்பச் சின்னப் பங்கு நேரத்துக்குத் தோல் மேல விடறது. லேசரோ ஐ.பி.எல்.லோ, வேலை செய்யற தத்துவம் ஒண்ணுதான். 1983-ல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ்ங்கற ரெண்டு அமெரிக்க டாக்டருங்க அதை எழுதி வச்சாங்க. எந்த நிறப்பொருளைச் சுடணுமோ அது மட்டும் உறிஞ்சற ஒளியை, பக்கத்துல சூடு பரவறதுக்குள்ள முடியற மாதிரி ஒரு வெட்டு வெட்டணும். முடியில கருப்பு நிறம் குடுக்கற மெலனின் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகும். சூடு வேர்ப்பைக்குப் போகும், வேர்ப்பை கெட்டுப் போகும்.

வெவசாயிக்கு இது புதுசா? மக்காச்சோளத்துக்கு டூ-ஃபோர்-டி அடிக்கறோமே, அதேதான். தெளிச்சா சாரணை, பார்த்தீனியம் எல்லாம் முறுக்கிக்கிட்டுச் சாகுது, மக்காச்சோளம் நிக்குது. மருந்துக்குப் பயிர் எது களை எதுன்னு தெரிஞ்சா அடிக்குது? அகன்ற இலையா, புல் சாதியாங்கறது மட்டும்தான் அதுக்குக் கணக்கு. நெல்லும் மக்காச்சோளமும் புல் சாதி, அதனால தப்பிக்குது. ஒரு வருஷம் காத்தடிக்கற நேரத்துல நான் அந்த மருந்தை அடிச்சேன். வரப்புக்கு அந்தாண்ட பங்காளி பருத்தி போட்டிருந்தார். பத்து நாள்ல அவர் பருத்தி இலையெல்லாம் கை விரல் மாதிரி குறுகிச் சுருண்டுபோச்சு. பருத்தி அகன்ற இலை. மருந்து அது வேலையைத்தான் பார்த்துது, தப்பு என்னோடது. ஒரு வருஷம் அவர் என்கூடப் பேசலை.

இந்த மெஷினும் அப்படித்தான். அதுக்கு முடி எது தோல் எதுன்னு தெரியாது. கருப்பு எது வெளுப்பு எதுன்னுதான் தெரியும். வெள்ளைக்காரப் பொண்ணோட வெளுத்த தோல்ல கருத்த முடி இருந்தா ஒளி நேரா முடிக்குப் போகும். நம்ம புள்ளைக தோல்லயும் அதே மெலனின்தானே இருக்குது. ஒளி மேல் தோல்லயே பாதி நின்னுடும். நின்ன எடத்துல சூடு. தோல் வெந்து போகும், வேருக்குப் போக வேண்டியது போகாது. நரைச்ச முடி, செம்பட்டை முடியில மெலனின் பத்தாது, அதனால அதுல மெஷின் பலிக்காது. மச்சத்து மேலயும் பச்சை குத்துன எடத்து மேலயும் அடிக்கக் கூடாதுங்கறதும் இதே காரணத்துக்குத்தான், அங்க நிறம் அப்பிக் கிடக்கும். எங்க அப்பத்தா கை பூராவும் பச்சை, அவங்க காலத்துல இந்த மெஷின் இல்லாதது நல்லதாப் போச்சு.

டப்பாவுக்குள்ள ஒரு நிற அட்டை இருந்தது. ஆறு கட்டம், வெளுப்புலருந்து கருப்பு வரைக்கும். கடைசிக் கட்டத்துக்கு மேல பெருக்கல் குறி. நெல்லுக்கு யூரியா போடலாமா வேண்டாமான்னு பார்க்க எங்களுக்கு இலை வண்ண அட்டை குடுப்பாங்க. இலையை அட்டை மேல வச்சு, வெயில் படாம நம்ம உடம்பு நிழல்ல பார்க்கணும். வெயில்ல பார்த்தா நிறம் ஏமாத்தும். அதே மாதிரி மகள் கையை இழுத்து அந்த அட்டை பக்கத்துல நிழல்ல வச்சுப் பார்த்தேன். அஞ்சாவது கட்டத்தைத் தாண்டி நிக்குது. தீபாவளி லீவுல நாலு நாள் காட்டுக்குச் சோறு கொண்டு வந்து, கூடமாட நின்னு வெயில்ல கருத்திருந்தது. வெயில்ல கருத்தா மெலனின் இன்னும் கூடும், அந்த நேரத்துல மெஷின் பக்கமே போகக் கூடாது. மகள் அட்டையைப் பார்த்திருக்குது. "நான் நாலாவதுன்னு நெனச்சேன்"னு சொன்னது. தன்னை ஒரு கட்டம் வெளுப்பா நெனச்சுக்கறது அந்தப் புள்ளை தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியலை. பொறந்த நாள்லருந்து "புள்ளை கருப்புதான், ஆனா களையா இருக்குது"ன்னு சொல்லிச் சொல்லி வளர்த்த ஊரு இது.

அந்த ஆறு வகைக் கணக்குக்கும் ஒரு கதை இருக்குது. 1975-ல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக்ங்கற ஹார்வர்டு தோல் டாக்டர் வகுத்தது. ஒளி சிகிச்சை எவ்வளவு குடுக்கலாம்னு கணக்குப் போடறதுக்காக, வெயில்ல சுட்டுப் போகுதா, கருக்குதான்னு கேட்டு வகைப்படுத்தினார். முதல்ல இருந்தது வெள்ளைத் தோல்காரங்களுக்கான நாலு வகைதான். பழுப்பும் கருப்பும் அப்புறமாச் சேர்த்தது. நம்ம சனம் பெரும்பாலும் நாலு, அஞ்சு, ஆறுலதான் வரும். அளவுகோலுக்கே நாம பின்னாடி வந்து சேர்ந்தவங்க. பின்ன மெஷின் மட்டும் நமக்கு ஏத்த மாதிரியா முதல்ல வரும்?

நல்ல மெஷின்ல தோல் நிறத்தைப் பார்க்கற சென்சார் வச்சிருப்பாங்க. கருப்பா இருந்தா சிவப்பு லைட் எரிஞ்சு, ஃபிளாஷ் வராமயே நின்னுக்கும். மகள் வாங்குனது மலிவு ரகம், அதுல அது இல்லை. அஞ்சு லெவல் மட்டும் இருந்தது. ரெண்டு வாரம் ஒண்ணாவது லெவல்ல அடிச்சுப் பார்த்து ஒரு மாத்தமும் இல்லைன்னதும் அஞ்சுக்கு ஏத்தியிருக்குது. அதுக்கு முந்தின நாள் பார்லர்ல நூல் போட்டு முடியை வேரோட எடுத்திருக்குது. அங்கதான் இன்னொரு கோளாறு. வேர் உள்ள இருந்தாத்தான் ஒளி உறிஞ்சி வேர்ப்பையைச் சுடும். இந்த மெஷினுக்கு முன்னாடி சிரைக்கணுமே தவிர, பிடுங்கக் கூடாது. பிடுங்குன காட்டுல களைக்கொல்லி அடிச்ச கதைதான். களையும் இல்லை, மருந்து பூராவும் மண்ணுல.

சிரைச்சா முடி தடிப்பா வளரும்னு ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. பிளேடு மேல இருக்கறதைத்தான் வெட்டுது, வேருக்கு அது தெரியவே தெரியாது. நுனி மழுங்கலா வெட்டுப் பட்டதனால தொட்டா குத்தும், அவ்வளவுதான். இந்தப் பேச்சைக் கேட்டு பயந்துதான் மகள் ரேசரை விட்டுட்டு மெஷினுக்குப் போயிருக்குது. 4,500 ரூபாய் மெஷினைவிட என் பழைய ரேசர் எவ்வளவோ நல்லதா இருந்திருக்குது.

அப்புறம் "நிரந்தரம்"ங்கற வார்த்தை. காட்டுல கோரை பிடுங்கியிருக்கீங்களா? இன்னிக்குச் சுத்தமாப் பிடுங்கிட்டு வந்தா, பத்து நாள்ல கிழங்குலருந்து மறுபடி தலை நீட்டும். எல்லாக் கிழங்கும் ஒரே நாள்ல முளைக்காது. முடியும் அப்படித்தான். எந்த நேரத்துலயும் கொஞ்சம் வளர்ந்துக்கிட்டு இருக்கும், கொஞ்சம் நின்னு போயிருக்கும், கொஞ்சம் தூங்கிட்டு இருக்கும். வளர்ற முடிக்குத்தான் இந்தச் சூடு வேர்ப்பை வரைக்கும் ஏறும். அதனாலதான் டாக்டர்கிட்டப் போனாக்கூட வாரக்கணக்கு இடைவெளி விட்டுப் பல தடவை பண்ணுவாங்க. அமெரிக்காவுல எஃப்.டி.ஏ.ங்கற அரசு அமைப்பு லேசருக்குக் குடுக்கற அனுமதியே "நிரந்தரமா முடியைக் குறைக்கறது"ன்னுதான், எல்லாத்தையும் ஒழிக்கறதுன்னு இல்லை. ஆஸ்பத்திரி மெஷினுக்கே அந்த வார்த்தைதான். வீட்டு மெஷினோட சக்தி அதைவிட ரொம்பக் கம்மி. விட்டா மறுபடி முளைக்கும். ஹார்மோன் கூடியிருக்கற உடம்புல இன்னும் வேகமா முளைக்கும், உள்ளருந்து உரம் போட்டுக்கிட்டே மேல களை எடுக்கற மாதிரி. சில பேருக்கு, அதுவும் மாநிறம் கருப்புத் தோல் பொம்பளைகளுக்கு முகத்துல, ஒளி பட்ட எடத்தைச் சுத்தி முடி அதிகமாவே முளைச்சுக்கறதும் உண்டாம். இதை எந்த விளம்பரத்துலயாவது பார்த்திருக்கீங்களா?

யாருமே வாங்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. மாநிறத்துக்கு மேல வெளுப்பா இருந்து, முடி கருப்பா இருந்து, கை கால்ல மட்டும் பண்ணிக்கறவங்களுக்குக் கொஞ்சம் குறையலாம். கூட வர்ற தாளை முழுசாப் படிக்கணும், கண்ணு பக்கம் கொண்டு போகக் கூடாது, முதல்ல கை ஓரத்துல ஒரு எடத்துல அடிச்சு ஒரு நாள் பொறுத்துப் பார்க்கணும். முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடறவங்க அதை டாக்டர்கிட்டச் சொல்லாம இதைத் தொடவே கூடாது. டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் மாதிரி மருந்துகள் தோலை ஒளிக்கு ஆகாம ஆக்கிடும். எங்க புள்ளை மாதிரி கருத்த தோலுக்கு வேணும்னா, தோல் டாக்டருங்க கையில இருக்கற 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசர்தான் பாதுகாப்பானதுன்னு சொன்னாங்க. நீள அலை ஒளியை மேல் தோல் மெலனின் அவ்வளவா உறிஞ்சாது, ஆழமாப் போகும். பார்லர்ல "லேசர் இருக்குதுக்கா, வாங்க"ன்னு கூப்பிட்டா, அது என்ன லேசர், இயக்கறது டாக்டரா யாருன்னு கேளுங்க. பதில் வரலைன்னா எந்திரிச்சு வந்துருங்க.

மஞ்சள் பத்தியும் சொல்லிடறேன், நான் மஞ்சள்காரன். "வயசுக்கு வந்ததுலருந்து மஞ்சள் பூசியிருந்தா இப்படி ஆகியிருக்குமா"ன்னு சொந்தக்காரங்க மகளைக் கேட்டாங்க. நான் முப்பது வருஷமா மஞ்சள் போடறேன், வெட்டறேன், வேவிக்கறேன். காய்ச்சல் வந்த மாதிரி ஊரே மஞ்சளாத் திரியற மாசத்துலயும் என் தாடியைச் சிரைச்சுட்டுத்தான் இருக்கேன். கருத்துத் தடிச்ச முடி மஞ்சளுக்கு உதிர்ந்ததை நான் கண்டதில்லை. பூசிக்கறது அழகு, வாசம், பழக்கம். அதுக்குப் பூசுங்க. பூசாத புள்ளையைக் குத்தம் சொல்லறதுக்கு என் மஞ்சளை எடுத்துக்காதீங்க.

என் கோபம் மெஷின் கம்பெனி மேல மட்டும் இல்லை. டப்பாவுல பொடி எழுத்துல, "கருத்த தோலுக்கு அல்ல"ன்னு போட்டுட்டு, தமிழ்நாட்டுப் பின்கோடு அடிச்சா மறு கேள்வி இல்லாம அனுப்பி வைக்கறாங்களே, அது ஒரு அநியாயம். களைக்கொல்லி டப்பாவுலயாவது தமிழ்ல போட்டிருக்கும், எது ஆகும் எது ஆகாதுன்னு. இதுல ஒரு வரி தமிழ் இல்லை. விளம்பரத்துல வர்ற பொண்ணு காலுல முதல்லயே முடி கிடையாது, அதுல மெஷினை ஓட்டிச் சிரிக்குது. ஆனா அந்தப் பெரியம்மா சொன்ன வார்த்தைக்குப் பின்னாடிதான் பார்சல் வந்தது. அந்த வார்த்தைக்கு முன்னாடி எங்க வீட்டுலயே ஆறு வருஷம் யாரும் வாயைத் திறக்கலை. என் மாட்டுக்கு 21 நாள்ல பருவம் வரலைன்னா மறுநாளே கால்நடை டாக்டருக்கு ஃபோன் போடறவன் நான். எழுதறப்பவே கை கூசுது, ஆனா அதுதான் நெசம்.

டாக்டரம்மா குடுத்த மாத்திரைச் சீட்டைப் பார்த்து மருந்துக்கடைப் பையன் ஒரு மாதிரி பார்த்தான். மாசத்தைத் தேதிக்குக் கொண்டு வரவும், கூடிப்போன ஹார்மோனைக் குறைக்கவும் கருத்தடை மாத்திரைதான் குடுப்பாங்களாம். "கல்யாணம் ஆகாத புள்ளைக்கு அதைக் குடுக்கறதா"ன்னு என் சம்சாரம் ரெண்டு நாள் அழுதுது. மறுபடி போய்க் கேட்டோம். "பேரு அப்படி, இவளுக்கு வேலை வேற"ன்னு டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க. பின்னாடி குழந்தை பொறக்கறதுக்கும் அதனால தடை வராதுன்னாங்க. முடி குறையறது கண்ணுக்குத் தெரிய ஆறு மாசம் ஆகும், அது வரைக்கும் சிரைச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க. சாயங்காலம் நடக்கச் சொல்லியிருக்காங்க. சனி ஞாயிறு வந்தா நானும் கூட வாய்க்கா மேட்டுல நடக்கறேன்.

தழும்பு இன்னும் இருக்குது. கொப்புளம் ஆறிடுச்சு, கட்டம் மட்டும் கருப்பா நிக்குது. நம்ம தோல்ல சூடு பட்டா அந்தக் கருப்பு மங்க மாசக்கணக்காகும்னு சொன்னாங்க. வெயிலுக்கு ஒரு கிரீம் குடுத்திருக்காங்க. மெஷின் அட்டாலியில கிடக்குது. பையன் அதைப் பழைய சாமான் விக்கற ஆப்ல போட்டு ஆயிரம் ரூபாயாவது எடுக்கலாம்னான். மகள் வேண்டாம்னுட்டுது. "வாங்கறவ என் நிறத்துல இருந்தா?"ன்னு கேட்டுது.

பாத்ரூம்ல இப்ப மூணு ரேசர் இருக்குது. பையனுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டேன், அவன்கிட்ட மன்னிப்புக் கேட்கறதுக்குப் பதிலா. வர்ற புதன்கிழமை மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்கப் போகணும். அன்னிக்கு எங்க முறைத் தண்ணி. அந்தப் பருத்திப் பங்காளிகிட்டத்தான் கொஞ்சம் மடை மாத்தி விடச் சொல்லியிருக்கேன்.